தினம் நாலு ரிலீஸ் போகுது, புராடக்ட் மட்டும் இருந்த இடத்திலேயே நிக்குது

கீழ்த்தள வாசி | 3 மார்ச் 2025, இரவு 10.12

சிங்கப்பூர்ல ஆறு பேர் டீம். உணவங்காடிக் கடை, மினி மார்ட் மாதிரி இடங்களுக்கு ஆர்டர் எடுக்கிற வெப் ஆப். கடையில ஒரு டேப்லெட்ல ஓடும். போன வருஷம் வரை ரெண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ். இப்போ ஒருத்தர் எழுதின மாற்றம் பொதுக் கோட்ல மெர்ஜ் ஆன 15 நிமிஷத்துல கடைங்க பயன்படுத்துற சர்வர்ல, அதாவது ப்ரொடக்‌ஷன்ல இருக்கும், நாளுக்கு நாலு போகும். மூணு மாசம் ஆச்சு, ஒரு கடை ஒரு நாளைக்குப் போடுற ஆர்டர் எண்ணிக்கை அசையவே இல்ல.

வேகமா வெளியிட்டா வேகமா கத்துக்கலாம்னு ஓதினவங்க வந்து பதில் சொல்லுங்க. தினசரி ரிலீஸ் வெறும் பந்தாங்கிறதுதான் இப்போதைக்கு என் முடிவு. திரும்ப வாரம் ஒண்ணுக்கே போயிடலாமா?

கோப்பி ஓ கோசோங் | 3 மார்ச், இரவு 11.05

போகாதீங்க. வெளியிடுற வேகத்தையும் கத்துக்கிற வேகத்தையும் ஒண்ணாப் போட்டுக் கலக்குறீங்க.

கடைசியா வெளியான 20 மாற்றத்தை எடுங்க. ஒரு ஷீட்ல ஒவ்வொண்ணுக்கும் ஆறு தேதி எழுதுங்க: யோசனை முதல்ல எழுதப்பட்டது, கோட்ல கை வெச்சது, ரிவ்யூவுக்கு (இன்னொருத்தர் படிச்சுப் பார்க்க) போனது, மெர்ஜ் ஆனது, ப்ரொடக்‌ஷன் போனது, விளைவைப் பார்த்து வெச்சுக்கலாமா தூக்கலாமான்னு யாராவது முடிவு பண்ணது. கடைசிக் கட்டம் முக்கால்வாசி காலியா இருக்கும்னு பந்தயம் கட்டுறேன். காலிக் கட்டம் ஒவ்வொண்ணும் வெளியிட்ட கணக்குல வரும், கத்துக்கிட்ட கணக்குல வராது.

டோரா (DORA, மென்பொருள் வெளியீட்டை ஆராயுற குழு) அளவுகோல் நாலையும் எல்லாரும் சுவர்ல ஒட்டி வெச்சிருக்காங்க. டெப்ளாய் (சர்வருக்கு அனுப்புறது) எத்தனை தடவை, கோடைப் பதிவு பண்ற கமிட்ல இருந்து ப்ரொடக்‌ஷனுக்கு எவ்வளவு நேரம், எத்தனை சதவீதம் உடையுது, உடைஞ்சா மீள எவ்வளவு நேரம். நல்ல அளவுகள்தான். ஆனா அந்த ஆறு தேதியில நடுப்பகுதியை மட்டும்தான் தொடும். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் அதுக்குத் தெரியவே தெரியாது.

சிவப்பு பில்டு | 4 மார்ச், காலை 8.40

எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

15 நிமிஷம்னு சொன்னது மெர்ஜுக்கு அப்புறம் ஆகுற நேரம். மெர்ஜ் ஆகுறதுக்கு முன்னாடி? ரிவ்யூவுக்காக 12 மாற்றம் திறந்து கிடக்கு, ஒரு நாளைக்கு 3 மெர்ஜ் ஆகுதுன்னா சராசரிக் காத்திருப்பு 4 நாள். லிட்டில் விதி: வரிசையில நிக்கிற எண்ணிக்கையை நாளுக்கு வெளியேறுற எண்ணிக்கையால வகுத்தா போதும். இதுக்கு டூல் எதுவும் வாங்க வேண்டாம்.

இன்னொண்ணு. தானியங்கி டெஸ்ட் எத்தனை இருக்கு, அதுல கோட்ல தப்பே இல்லாம சும்மா சும்மா சிவப்பாகுறது (தோக்குறது) எத்தனை? ஒவ்வொரு டெஸ்டும் ஆயிரத்துல ஒரு தடவைதான் காரணமில்லாம விழும்னு வெச்சுக்கோங்க, கேட்க நல்லாத்தான் இருக்கும். அப்படி 1,000 டெஸ்ட் இருந்தா ஒரு பில்டு (கோடைக் கட்டி எல்லா டெஸ்டையும் ஓட்டுற ஒரு சுற்று) முழுசா பச்சையா வர வாய்ப்பு 37 சதவீதம்தான். மூணு பில்டுல ரெண்டு பொய்யா விழும். அப்புறம் எல்லாரும் 'திரும்ப ஓட்டு' பட்டனை அமுக்கப் பழகிடுவாங்க, நிஜ பக் வந்து விழும்போதும் அதே பட்டனைத்தான் அமுக்குவாங்க. பத்தாயிரத்துல ஒண்ணாக் குறைச்சா 90 சதவீதம் பச்சை. சும்மா விழுற டெஸ்டை அன்னைக்கே தனி லிஸ்ட்டுக்குத் தள்ளுங்க, ஒரு வாரத்துல சரி பண்ண ஆள் இல்லேன்னா அழிச்சிடுங்க. அழிக்க மனசு வராதுதான்.

கீழ்த்தள வாசி | 6 மார்ச், இரவு 9.30

ஷீட் போட்டேன். ரிவ்யூவுக்குக் காத்திருந்தது பெரும்பாலும் ரெண்டு நாள், ஒண்ணு ஒன்பது நாள். கடைசிக் கட்டம் நிரம்பினது 20ல 3. கோப்பிக்கு ஒரு கோப்பி கடன்.

ரிவ்யூ ஏன் தேங்குதுன்னு புரியல. ஆளுங்க யாரும் சும்மா உட்கார்ந்திருக்கல.

சிவப்பு பில்டு | 6 மார்ச், இரவு 10.02

யாரும் சும்மா இல்லாததுனாலதான் தேங்குது. ஒரு ஆள் 80 சதவீதம் நிரம்பியிருந்தா, புதுசா வர்ற வேலை சராசரியா ஒரு வேலைக்கு ஆகுற நேரத்தைப் போல நாலு மடங்கு வரிசையில நிக்கும். 90 ஆனா ஒன்பது. 95ல 19. வரிசைக் கோட்பாட்டோட எளிய மாதிரி இது, நிஜத்துல எண் கொஞ்சம் மாறும், வளைவு மாறாது. பேரங்காடியில கவுண்ட்டர் எப்பவும் பிஸியா இருந்தா வரிசை ஐஸ்கிரீம் பெட்டி வரைக்கும் நீளுமில்ல, அதேதான்.

ஆறு பேருக்கு ஒரே நேரத்துல நாலு வேலைக்கு மேல திறக்காதீங்க. அஞ்சாவதைத் திறக்கப் போறவர் முதல்ல இன்னொருத்தரோட ரிவ்யூவை முடிக்கணும். மாற்றம் 200 வரிக்கு மேல போனா உடைச்சு அனுப்பச் சொல்லுங்க. 900 வரி வந்தா யாரும் படிக்க மாட்டாங்க, 'நல்லாருக்கு'ன்னு கட்டைவிரல் காட்டிட்டுப் போயிடுவாங்க.

எண்கணக்கு | 7 மார்ச், மதியம் 1.15

கடைசிக் கட்டம் காலியா இருக்கிறது சோம்பேறித்தனம்னு எல்லாரும் எடுத்துக்கிறீங்க. இந்த அளவு நிறுவனத்துல அதை நிரப்பவே முடியாம இருக்கலாம்.

ஏ/பி டெஸ்ட்டுக்கு (பாதிப் பேருக்குப் பழசு, பாதிப் பேருக்குப் புதுசு காட்டி ஒப்பிடுறது) ஒரு பக்கத்துக்குத் தேவையான ஆள் எண்ணிக்கைக்குக் குத்துமதிப்புச் சூத்திரம்: 16 × p × (1 − p) ÷ d². p இப்போ இருக்கிற விகிதம், d கண்டுபிடிக்க வேண்டிய வித்தியாசம். இப்போ 5 சதவீதம் பேர் ஒரு காரியத்தைச் செய்றாங்க, அதை 5.5 ஆக்கினோமான்னு கண்டுபிடிக்கணும். 16 × 0.05 × 0.95 = 0.76. அதை 0.005 வர்க்கத்தால, அதாவது 0.000025ஆல வகுத்தா 30,400. ரெண்டு பக்கத்துக்கும் 60,800 பேர். ஒரு நாளைக்கு 800 புது ஆள் வந்தா 76 நாள். இந்த ஊர்ல மொத்தமே 60 லட்சம் பேர், அதுல உங்க கடைகளுக்கு வர்றவங்க எத்தனை?

அதே 5 சதவீதத்தை 7.5 ஆக்குற மாற்றம்னா பக்கத்துக்கு 1,216 பேர் போதும், மூணு நாலு நாள்ல தெரிஞ்சிடும். சின்ன ஊர்ல பட்டன் நிறத்தை அளக்க முடியாது. அளக்க முடியுற அளவுக்குப் பெரிய மாற்றமாச் செய்யணும், இல்லேன்னா எண்ணை விட்டுட்டுக் கடைக்காரர் பக்கத்துல போய் உட்காரணும்.

பாதியில எட்டிப் பார்த்து 'ஜெயிச்சிடுச்சு'ன்னு நிறுத்தாதீங்க. தினம் பார்த்து நல்ல நாள்ல நிறுத்தினா தற்செயலை ஜெயிப்புன்னு எடுத்துக்கிற பிழை 5 சதவீதம்னு போட்ட கணக்கு பல மடங்காகிடும். முடியுற தேதியை முன்கூட்டியே எழுதி வைங்க.

கோப்பி ஓ கோசோங் | 7 மார்ச், மாலை 6.20

பக்கத்துல உட்கார அஞ்சு பேர் போதும். அஞ்சு பேரை வெச்சே 85 சதவீதம் குறை தெரிஞ்சிடும்னு பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000லயே கணக்குப் போட்டார்.

எண்கணக்கு | 7 மார்ச், மாலை 6.48

அந்தக் கணக்கு ஒரு பயனர் 31 சதவீதக் குறையில முட்டிக்குவார்னு வெச்சுப் போட்டது. அதுவும் திரையில எங்கே தடுமாறுறாங்கன்னு கண்டுபிடிக்க. இதை வாங்குவாங்களான்னு அஞ்சு பேரைக் கேட்டா, அஞ்சு மரியாதையான பொய்தான் கிடைக்கும். நம்ம ஊர்ல இன்னும் மரியாதையா.

டேட்டாபேஸ் மாமா | 8 மார்ச், காலை 7.05

நாளுக்கு நாலுன்னு பெருமைப்படுறீங்க. டேட்டாபேஸ்ல டேபிள் மாத்துறதும் அதுல சேர்த்தியா? கோட் ரெண்டு நிமிஷத்துல பின்வாங்கும், டேட்டா வாங்காது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல நடக்கிறதைச் சொல்றேன். ஒரு ரிப்போர்ட் குவெரி (டேட்டாபேஸைக் கேட்கிற கேள்வி) ஆர்டர் டேபிளை மூணு நிமிஷமாப் படிச்சிட்டிருக்கு. அது யாரையும் தொந்தரவு பண்ணாத சாதாரணப் பூட்டு. இப்போ உங்க மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாத்துற ஸ்கிரிப்ட்) வந்து ஒரு காலம் (column, நெடுவரிசை) சேர்க்க ஆல்டர் டேபிள் கட்டளை போடுது. அதுக்கு முழுப் பூட்டு வேணும், அதனால ரிப்போர்ட்டுக்குப் பின்னாடி நிக்குது. நின்னா பரவாயில்லையே, அதுக்கு அப்புறம் வர்ற ஒவ்வொரு சாதாரண செலக்டும் (படிக்கிற குவெரியும்) ஆல்டருக்குப் பின்னாடி வரிசையில சேருது. பத்து வினாடியில கனெக்‌ஷன் பூல் (ஆப் டேட்டாபேஸோட பேசத் திறந்து வெச்ச இணைப்புகள்) நிரம்பிடும், ஆப் மொத்தமும் நிக்கும். காலம் சேர்க்கிற வேலைக்கு ஆகுறதோ சில மில்லிசெகண்டுதான். டெஸ்ட் சர்வர்ல இது தெரியவே தெரியாது, அங்கே யாரும் மூணு நிமிஷக் குவெரி ஓட்டிட்டு உட்கார்ந்திருக்க மாட்டாங்க.

மருந்து: மைக்ரேஷன் தொடக்கத்துல லாக் டைம்அவுட்டை (பூட்டுக்குக் காத்திருக்கிற அதிகபட்ச நேரம்) 2 வினாடின்னு வைங்க. கிடைக்கலேன்னா தோத்துப் போகட்டும், கொஞ்சம் விட்டுத் திரும்ப முயற்சி. இண்டெக்ஸ்னா (தேடலை வேகமாக்குற அட்டவணை) கன்கரண்ட்லி சேர்த்து, அதாவது டேபிள்ல எழுதுறதை நிறுத்தாம, போடுங்க. அது டிரான்சாக்‌ஷனுக்குள்ள ஓடாது, அதனால பாதியில செத்தா தானாத் திரும்பாம செல்லாத இண்டெக்ஸ் ஒண்ணை விட்டுட்டுப் போகும், தேடிப் பிடிச்சு டிராப் பண்ணணும். நிலையான டிஃபால்ட்டோட காலம் சேர்த்தா 11ஆம் பதிப்பிலிருந்து டேபிளைத் திருப்பி எழுதாது. அதுக்கு முந்தின பதிப்பு யாராவது வெச்சிருந்தா தனியா வந்து பேசுங்க, திட்டணும்.

காலம் பேரை மாத்தணும்னா ஒரே ரிலீஸ்ல செய்யாதீங்க. புதுக் காலம் சேர், ரெண்டுலயும் எழுது, ஏற்கனவே இருக்கிற வரிசைகளை (row) ஆயிரம் ஆயிரமா நகலெடு, நடுவுல மூச்சு விடு, புதுசுலிருந்து படி, பழசுல எழுதறதை நிறுத்து, ஒரு வாரம் கழிச்சுப் பழசைத் தூக்கு. ஆறு ரிலீஸ். பழசைத் தூக்குற அந்தக் கடைசி ஒண்ணைத் தவிர எதையும் தனியாத் திருப்பலாம். தினசரி ரிலீஸ் இருந்தா இது ஒன்றரை வாரம். ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னா மூணு மாசம், அதனாலதான் அந்த மாதிரி இடத்துல எல்லாத்தையும் ஒரே ராத்திரியில தள்ளிட்டு சாமி கும்பிடுறாங்க. கேள்வி கேட்டவர் வாரம் ஒண்ணுக்குத் திரும்பக் கூடாதுங்கிறதுக்கு என்னோட காரணம் இதுதான்.

கோப்பி ஓ கோசோங் | 8 மார்ச், காலை 11.30

மாமா சொன்னது அமேசான் பெசோஸ் 2015ஆம் வருஷப் பங்குதாரர் கடிதத்துல எழுதின ஒருவழிக் கதவு (திருப்ப முடியாத முடிவு), இருவழிக் கதவு (திருப்ப முடியுறது) விஷயம். மாமா செஞ்சது ஒரு பெரிய ஒருவழிக் கதவை அஞ்சு இருவழிக் கதவாவும் கடைசியில ஒரு சின்ன ஒருவழிக் கதவாவும் உடைச்சது.

கோட் பக்கத்துக்குக் கேனரி வைங்க, அதாவது புதுசை முதல்ல கொஞ்சப் பேருக்கு மட்டும் விட்டுப் பாருங்க. 1 சதவீத டிராஃபிக், 15 நிமிஷம் பாரு, 10, 50, அப்புறம் 100. பிழை மூணு மடங்கானா தானா நிக்கட்டும்.

எண்கணக்கு | 8 மார்ச், மதியம் 12.10

திரும்பவும் நான்தான், மன்னிக்கணும். மதிய உச்ச நேரத்துல வினாடிக்கு 6 ரிக்வெஸ்ட்னு வைங்க. 1 சதவீதம், 15 நிமிஷம், மொத்தம் 54 ரிக்வெஸ்ட். வழக்கமான பிழை 0.5 சதவீதம்னா எதிர்பார்ப்பு 0.27. மூணு மடங்கானா 0.81. அதாவது நிஜமாவே மூணு மடங்கு கெட்டுப் போயிருந்தாலும் பத்துல நாலு தடவைக்கு மேல ஒரு பிழைகூடக் கண்ணுல படாது. அந்தக் கேனரி பாடவே பாடாது.

கோப்பி ஓ கோசோங் | 8 மார்ச், மதியம் 12.31

சரி, ஒத்துக்கிறேன். சதவீதத்தை விடுங்க. கடை வாரியா திறங்க: முதல்ல உங்க சொந்தச் சோதனைக் கடை, அப்புறம் போன் பண்ணித் திட்டுற அளவுக்குப் பழக்கமான மூணு கடை, ஒரு மதிய நேரம் முழுக்க. அப்புறம் எல்லாருக்கும். திட்டுற கடைக்காரர்தான் நல்ல மானிட்டரிங்.

புங்கோல் தம்பி | 11 மார்ச், இரவு 8.50

வெப் ஆப்காரங்க கொடுத்து வெச்சவங்க. போன் ஆப்னா என்ன பண்றது? ஆப்பிள் ரிவ்யூவே ஒரு நாள் தின்னுது.

சிவப்பு பில்டு | 11 மார்ச், இரவு 9.25

ஆப் ஸ்டோர்ல படிப்படியா வெளியிடுற வசதி 7 நாள் ஓடும்: 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம். நடுவுல நிறுத்தி வைக்கலாம், மொத்தமா 30 நாள் வரை. ஆனா தானாவே அப்டேட் ஆகுறவங்களுக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு, கையால அமுக்கினவருக்கு முதல் நாளே கிடைச்சிடும். ஆண்ட்ராய்டுல சதவீதத்தை நீங்களே வைக்கலாம், நிறுத்தலாம். பழசுக்குத் திருப்புறது கிடையாது, பழைய கோடையே இன்னும் பெரிய வெர்ஷன் எண்ணோட அனுப்பணும். அதனால போன் ஆப்ல புது வசதி எல்லாம் ஃப்ளாக்னு ஒரு சுவிட்சுக்குள்ள போகட்டும், சர்வர்ல இருந்து திறக்கலாம், மூடலாம்.

அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுக்கிற சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு 2021 டிசம்பர்ல மின்னிலக்கமா வந்தப்போ வீட்டுக்காரங்க எந்த ஆப்பும் இறக்க வேண்டியிருக்கல, குறுஞ்செய்தியில ஒரு இணைப்பு வந்தது. தாத்தா பாட்டிக்குச் சுலபம்னு அதைப் பாராட்டினாங்க. அதைப் பராமரிக்கிற டீமுக்கும் அது சுலபம்தான்: பக்கத்தை மாத்தினா அடுத்து திறக்கிறவருக்குப் புதுசு.

டேட்டாபேஸ் மாமா | 12 மார்ச், காலை 6.58

ஃப்ளாக்னு சொல்லிட்டா ஆச்சா? அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் நைட் கேப்பிட்டல், 2012 ஆகஸ்ட் 1. எட்டு சர்வர்ல ஏழுக்குத்தான் புதுக் கோட் போச்சு. 2003லயே நிறுத்தின பழைய கோட் எட்டாவதுல உயிரோட இருந்தது, அந்தப் பழைய ஃப்ளாக்கையே புது வேலைக்கு மறுபடி எடுத்துக்கிட்டாங்க. திறந்ததும் எட்டாவது சர்வர் பழைய கோடை ஓட்டிடுச்சு. சுமார் 45 நிமிஷம், 44 கோடி அமெரிக்க டாலருக்கு மேல நஷ்டம்.

ஃப்ளாக் பேரை மறுபடி பயன்படுத்தாதீங்க. உருவாக்கும்போதே யாரோடது, எப்போ செத்துடும்னு எழுதுங்க. தேதி தாண்டினா பில்டு விழட்டும். பத்து ஃப்ளாக் இருந்தா 1,024 கலவை, அத்தனையும் யாரும் சோதிக்கப் போறதில்ல.

ஷென்டன் வே பஸ் | 12 மார்ச், இரவு 7.40

கான்ஃபிக் (கோட் எப்படி நடக்கணும்னு சொல்ற அமைப்பு ஃபைல்) பத்தியும் சொல்லிடணும். கோடுக்கு ஆயிரம் காவல் போட்டுட்டு கான்ஃபிக்கை வாசல் வழியா விட்டுடுவாங்க. 2024 ஜூலை 19 கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கிரவுட்ஸ்டிரைக்கோட விஷயம் அதுதான்: மென்பொருள் படிப்படியாப் போகும், ஆனா உள்ளடக்க ஃபைல் எல்லாருக்கும் ஒரே அடியாப் போச்சு. 21 கட்டம் எதிர்பார்த்த இடத்துல 20 வந்தது, 85 லட்சம் விண்டோஸ் கணினி விழுந்தது. சாங்கியிலகூட சில விமான நிறுவனங்கள் அன்னைக்குக் கையாலே செக்-இன் பண்ணாங்க.

வங்கி பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த இழை கொஞ்சம் பொறாமையா இருக்கும். சிங்கப்பூர் நாணய ஆணைய விதிப்படி முக்கிய சிஸ்டம் 12 மாசத்துல மொத்தமா 4 மணி நேரத்துக்கு மேல எதிர்பாராம நிக்கக் கூடாது, பெரிய கோளாறைக் கண்டுபிடிச்ச ஒரு மணி நேரத்துல தகவல் சொல்லணும். அதனால மாற்றமே வேண்டாம்னு மாசம் ஒரு தடவை மூட்டையாக் கட்டித் தள்ளுறாங்க. மூட்டை உடைஞ்சா எந்தப் பொருள் உடைச்சதுன்னு தேடவே ரெண்டு மணி. ஒரே ஒரு மாற்றம் போயிருந்தா தேடவே வேண்டாம், அதைத் திருப்பினா போதும். அடிக்கடி செய்ற சின்ன மாற்ற வகைகளுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வெச்சா, விதிக்குள்ளேயே வாரம் பல தடவை போகலாம்.

இன்னொரு எச்சரிக்கை: வேகமாச் சோதிக்கிறோம்னு ப்ரொடக்‌ஷன் டேட்டாவை டெஸ்ட் சர்வர்ல கொட்டாதீங்க. அது கசிஞ்சாலும் தனிநபர் தகவல் கசிவுதான். 500 பேர் அல்லது அதுக்கு மேல பாதிச்சிருந்தா, அறிவிக்க வேண்டியதுன்னு மதிப்பிட்டதிலிருந்து 3 நாள்ல தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லணும்.

கீழ்த்தள வாசி | 28 மார்ச், மாலை 5.10

வெள்ளிக்கிழமை சாயங்காலம், திங்கள் ஹரி ராயா லீவு. டெப்ளாய் பட்டன் என்னையே பார்க்குது.

புங்கோல் தம்பி | 28 மார்ச், மாலை 5.12

அமுக்கிட்டு போனை அணைச்சிடுங்க லா.

சிவப்பு பில்டு | 28 மார்ச், மாலை 5.35

வெள்ளிக்கிழமை கூடாதுன்னு விதி போடாதீங்க, அமுக்கினவர் ஒரு மணி நேரம் பக்கத்துல இருக்கணும்னு போடுங்க. விடுமுறைக்கு மொத்தமா மூடினா இன்னும் மோசம். சீனப் புத்தாண்டுக்கு ரெண்டு வாரம் மூடி, திறந்த அன்னைக்கு 40 மாற்றம் ஒண்ணா வெளியே போறதை யோசிச்சுப் பாருங்க. வருஷத்துலயே அபாயமான டெப்ளாய் அதுதான். மூடணும்னா ஃப்ளாக் திறக்கிறதை மூடுங்க, டெப்ளாய் ஓடட்டும்.

மார்ச் 4 அன்னைக்கு 'அழிச்சிடுங்க'ன்னு எழுதினதுல ஒரு திருத்தம்: பணம் கழிக்கிற இடத்தைத் தொடுற டெஸ்டை அழிக்காதீங்க. சரி பண்ணுங்க, ராத்திரியானாலும்.

கீழ்த்தள வாசி | 2 ஏப்ரல், இரவு 11.48

எல்லாரும் உட்காருங்க.

கடை வாரியா திறக்கணும்னா எந்தக் கடை எந்த பில்டுல (பதிப்புல) ஓடுதுன்னு தெரியணுமே, அதனால ஒவ்வொரு ரிக்வெஸ்ட்லயும் பில்டு எண்ணை அனுப்ப வெச்சோம். பாதிக்கு மேலான டேப்லெட்ல இருந்து அந்த எண் வரவே இல்ல. என்னன்னு தோண்டினா, பழைய பில்டுலேயே ஓடிட்டிருக்கு. சிலது டிசம்பர் பில்டு. வெப் ஆப் ஒரே பக்கமா ஓடுது, கடைக்காரர் டேப்லெட்டை அணைக்கிறதே இல்ல, பக்கத்தை ரீலோட் பண்றதும் இல்ல. நாளுக்கு நாலு ரிலீஸ் சர்வருக்குப் போச்சு, கடைக்குப் போகல.

கோப்பி ஓ கோசோங் | 3 ஏப்ரல், காலை 7.15

என் ஷீட்டுக்கு ஏழாவது கட்டம் ஒண்ணு வேணும்: முதல் பயனர் திரையில தெரிஞ்ச நேரம். எழுதும்போது தோணல.

ஆப் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வரைக் கேட்டு பில்டு எண் மாறிடுச்சான்னு பார்க்கட்டும். மாறியிருந்தா உடனே ரீலோட் பண்ணாதீங்க, மதியம் 12.40க்கு பாதி ஆர்டர் கூடையோட காணாமப் போனா அந்தக் கடையை இழந்தீங்க. கூடை காலி, பத்து நிமிஷமா யாரும் தொடல, இந்த ரெண்டும் சேர்ந்தா மட்டும் ரீலோட். ஆப்போட முதல் பக்கமான இண்டெக்ஸ் பக்கத்துக்கு கேஷ் (சேமிச்சு வெச்ச பழைய நகல்) வேண்டாம்னு ஹெட்டர் வைங்க. பேர்ல ஹேஷ் (உள்ளடக்கம் மாறினா மாறுற குறியீடு) உள்ள ஸ்கிரிப்ட் ஃபைல்களை டெப்ளாய் ஆனதும் அழிக்காதீங்க, ஒரு மாசமாவது இருக்கட்டும். இல்லேன்னா பழைய பக்கம் பழைய ஃபைலைக் கேட்டு 404 (ஃபைல் இல்ல) வாங்கி வெள்ளைத் திரையா நிக்கும்.

டேட்டாபேஸ் மாமா | 3 ஏப்ரல், காலை 7.20

டிசம்பர் பில்டு இன்னும் எழுதிட்டிருந்தா, பழைய காலத்தை ஒரு வாரம் கழிச்சுத் தூக்கலாம்னு நான் சொன்னதை மறந்துடுங்க. சர்வர் பதிவுல (log) கடைசிப் பழைய டேப்லெட் மறையுற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க.

கீழ்த்தள வாசி | 3 ஏப்ரல், காலை 9.02

நல்லவேளை, தூக்கல. டிசம்பர் பில்டு ஓடுற கடைகளுக்கு நேர்லயே போய் ரீலோட் பண்ணிட்டு, அப்படியே பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டு வர்றேன். திங்கட்கிழமை போகலாம்னு இருக்கேன்.

புங்கோல் தம்பி | 3 ஏப்ரல், காலை 9.06

திங்கட்கிழமை பாதிக் கடை மூடியிருக்கும் அண்ணே. செவ்வாய் போங்க, மூணு மணிக்கு மேல.